தாடி வைத்த நீர்நாய்

ஊரில் அவளுக்குச் ‘சிரிங்கக்கா’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு நின்றுவிட்டது. ஸ்டூடியோவில் ஸ்டூலில் வந்து உட்காருகிறவர் வங்கி மேலாளராக இருந்தாலும் சரி, வீறிட்டு அழுகிற கைக்குழந்தையாக இருந்தாலும் சரி, “கொஞ்சம் சிரிங்க” என்று ஓர் அதட்டல் போட்டுவிட்டுத்தான் கேமராவை அழுத்துவாள். அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. மூக்கு நுனியில் எப்போதும் ஒரு கோபம் உட்கார்ந்திருக்கும். அதில் பாதிக்கு மேல் நியாயமான கோபம்தான் என்று இதைக் கேட்டு முடிக்கும்போது நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

ஸ்டூடியோ அவளுடைய அண்ணனுடையது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய அகலத்தில் கடை. வாசலில் கண்ணாடிப் பெட்டி, அதற்குள் புதுமணத் தம்பதிகளும் பட்டம் வாங்கியவர்களும். உள்ளே குடை விளக்குகள், பல் உடைந்த சீப்பு, ஆணியில் தொங்கும் ஒரு கறுப்புக் கோட்டு. ஊரில் வேலைக்கு மனுப் போட்டவர்கள் அத்தனை பேரும் அந்த ஒரே கோட்டுக்குள் புகுந்து வெளியே வந்தவர்கள். ஒல்லியானவர்களுக்கு முதுகுப் பக்கம் துணி கிளிப்பை மாட்டி இறுக்கிவிடுவாள். படத்தில் முதுகா தெரியப் போகிறது?

அவள் எடுப்பாள், அண்ணன் கழுவுவார். பிலிம் இருந்த காலத்தில் இருட்டறையில் உட்கார்ந்து நிஜமாகவே கழுவினார். பிலிம் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. வார்த்தை மட்டும் போகவில்லை. முகப்பருவை எடுப்பது, கண்ணுக்குக் கீழே கறுப்பை நீக்குவது, சட்டைக் காலரில் அழுக்கைத் துடைப்பது எல்லாமே அவருக்குக் கழுவுவதுதான். யாரும் சொல்ல வேண்டியதில்லை. படம் கைக்கு வந்தால் கழுவிவிடுவார். கழுவியதை அதே பெயரில் பழைய படத்தின் மேலேயே சேமித்தும்விடுவார். பருவோடு இருக்கிற மூஞ்சியை வைத்துக்கொண்டு என்ன பண்ணுவது, இடத்தை அடைக்கும் என்பார்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் அவருக்குப் பயம். முன்பு ஒரு பேருந்து நடத்துநரின் முறுக்கு மீசை இரண்டு பக்கமும் சமமாக இல்லையே என்று, ஆர்வக் கோளாறில் ஒரு பக்கத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டார். அந்த மனிதர் கடை வாசலில் நின்று, “என் மீசையில கை வைக்க நீ யாருய்யா?” என்று தெருவைக் கூட்டிவிட்டார். அன்றோடு சரி. தாடி மீசைப் பக்கம் மட்டும் அண்ணன் போவதே இல்லை.

கடை திறப்பதற்கு முன்னால் சிரிங்கக்கா ஆற்றுக்குப் போய்விடுவாள். பேப்பர் மில்லின் பின்சுவரைத் தாண்டி, நாணல் புதருக்குள் நுழைந்து போனால் ஆறு வளைகிற இடம் வரும். எதிர்க்கரை வேர்களுக்கு அடியில் நீர்நாய்களின் பொந்து. ஸ்டூடியோவில் வேண்டாம் என்று சுருட்டி வைத்திருந்த பழைய திரைச்சீலையைத் தலையோடு போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அதில் முன்பக்கம் ஒரு பொய் அருவியும் இரண்டு பொய் அன்னங்களும் வரைந்திருக்கும். அவற்றை உள்பக்கமாகத் திருப்பிவிடுவாள். பாஸ்போர்ட் படத்துக்கு ஒரு கைக்குழந்தையை அசையாமல் உட்காரவைத்த பொறுமை இருப்பவளுக்கு நீர்நாய் ஒரு பெரிய காரியமில்லை.

மழை மாதங்களில் ஆறு செம்மண் நிறத்தில் கரைபுரண்டு போகும். அப்போது நாரைகள் மட்டும் கரையோரம் சலிப்போடு நிற்கும். பனிக்காலத்தில் காலை வெயில் ஏறும்வரை தண்ணீர் எது, கரை எது என்று தெரியாது. மீன்கொத்தி பாய்கிற நீலக்கோடு ஒன்றுதான் தெரியும். பிறகு தண்ணீர் இறங்கும், பாறைகள் முதுகைக் காட்டும், நீர்நாய்க் குடும்பம் பாறை மேல் வந்து ஒன்றையொன்று கடித்து விளையாடும். அந்த விளையாட்டைப் பார்க்கும்போது மட்டும் அவள் முகத்தில் ஏதோ இளகும். சிரிப்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

வெயில் காலத்தில்தான் வயிற்றெரிச்சல். தண்ணீர் குறைந்ததும் மில்லின் குழாய் கக்குவது அப்படியே வளைவில் தேங்கும். பாறைக்குப் பாறை வெள்ளையாக நுரை. ஊறிப்போன அட்டைப் பெட்டி நாற்றம். மிதித்தால் காலில் பசையாக ஒட்டிக்கொண்டு, சாயங்காலம்வரை அரிக்கும். அந்த நுரைக்குள் நீந்தித்தான் நீர்நாய்கள் மீன் பிடிக்க வேண்டும். முன்பெல்லாம் தாய்க்குப் பின்னால் வரிசையாகக் குட்டிகள் போகும். போன வெயிலில் தாய் தனியாக வந்தது. பாறை மேல் ஏறி நின்று, வாயெல்லாம் நுரையோடு நேராக அவளையே பார்த்தது. அவள் படம் எடுத்தாள்.

அந்த மில்தான் இரண்டாவது குழாய் போட அனுமதி கேட்டது. அதுவும் பொந்து இருக்கிற வளைவிலேயே. அரசாங்கம் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று ஒன்றை அறிவித்தது. தேதியைக் குறித்த புண்ணியவான்கள் ஆறு நிரம்பி ஓடுகிற மழை மாதமாகப் பார்த்துக் குறித்திருந்தார்கள். வெள்ளத்தில் நுரை எங்கே நிற்கும்? சிரிங்கக்காவுக்கு அது பற்றிக் கவலை இல்லை. அவளிடம்தான் படங்கள் இருக்கின்றனவே.

அதற்கும் கொஞ்ச நாள் முன்னால் அண்ணன் கேட்டிருந்தார். “பாப்பா, காலண்டருக்கு ஒரு ஆத்துப் படம் கேக்குறாங்க. எதைக் குடுக்க?” அவள் தலை பாதி நரைத்துவிட்டது, அவருக்கு இன்னும் பாப்பாதான். கல்யாண வீட்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில் இருந்த அவள், “வெயில்ல எடுத்த நீர்நாய் படத்தைக் குடு. எல்லா வீட்டுலயும் தொங்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனாள். காலண்டர் போடுவது யார் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் பாதித் தொல்லை இல்லை.

காலண்டர் வந்தது. பெரிய ஒற்றைத் தாள், மில்லிலேயே செய்த வழவழப்பான காகிதம். மேலே அவளுடைய நீர்நாய். கீழே ‘நம் ஆறு, நம் ஆலை’ என்று கொட்டை எழுத்து. வீடு வீடாக இலவசம். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு பாறையில்கூட ஒரு பொட்டு நுரை இல்லை.

அவள் உள்ளறைக்குள் போன வேகத்தில் குடை விளக்கு ஒன்று சரிந்தது.

“நுரை எங்க அண்ணா?”

“எந்த நுரை?”

“ஆத்துல இருந்த நுரை.”

“அதுவா? கழுவிட்டேனே.” அண்ணன் முகத்தில் அப்படி ஒரு பெருமை. “ஒரு வாரம் உக்காந்தேன் பாப்பா. ஒரு படத்தை மட்டும் பண்ணா நல்லா இருக்காதுன்னு, உன் வெயில் காலப் படம் எல்லாத்தையுமே கழுவி வச்சிட்டேன்.”

அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். எல்லாவற்றையும். பழையதன் மேலேயே. கேமரா கார்டோ எத்தனையோ கல்யாணங்களுக்குக் காலியாகி நிரம்பிக் காலியாகிவிட்டது. வருஷக்கணக்காக நாணலில் கொசுக்கடி வாங்கிச் சேர்த்ததை, கூடப் பிறந்தவர், பாசத்தோடு, ஒரு வாரத்தில் துடைத்துவிட்டார்.

விஷயம் புரிந்ததும் அண்ணனுக்கு முகம் செத்துப்போனது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று அண்ணி வந்து சொன்னாள். மூன்றாம் நாள் தயங்கித் தயங்கி ஒரு யோசனையோடு வந்தார்.

“நுரையைத் திரும்பப் போட்டுத் தரட்டுமா? ஒருத்தரும் கண்டுபிடிக்க முடியாது.”

“வேணாம்.”

“நிஜமா இருந்ததைத்தானே போடப் போறோம்?”

“மில்லுக்காரன் காட்டுறதும் பொய், நான் காட்டுறதும் பொய்னா, அந்தக் கூட்டத்துக்கு நான் எதுக்குப் போகணும்? கையைக் கட்டிக்கிட்டு உக்காரு.”

இதற்கிடையில் காலண்டர் ஊரைப் பிடித்துக்கொண்டது. டீக்கடை, மருந்துக்கடை, முடிதிருத்தும் கடை எங்கே போனாலும் அந்த நீர்நாய் அவளையே பார்த்தது. வாயைச் சுற்றி வெள்ளைத் தாடியோடு பெரிய மனுஷர் மாதிரி இருக்கிறதாம், எல்லாரும் ‘தாடிக்காரர்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். “சிரிங்கக்கா, உங்க தாடிக்காரர் எங்க வீட்டுக் கூடத்துல இருக்கார்” என்று வழியில் நிறுத்திச் சொன்னார்கள். பாராட்டித்தான் சொன்னார்கள். அவளுக்கு ஒவ்வொரு பாராட்டும் அறை வாங்குவது போல இருந்தது. அந்தப் படத்தை ஏறிட்டுப் பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

கூட்டம் மில்லின் உணவுக்கூடத்தில் நடந்தது. வேறு இடமே கிடைக்கவில்லையாம். அதிகாரி வெளியூர்ப் பெண்மணி, நடுத்தர வயது, எதையும் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பெஞ்சுகளில் பாதிக்கு மேல் மில் தொழிலாளர்கள், குனிந்த தலையோடு. பின்வரிசையில் அண்ணனும் வந்து உட்கார்ந்திருந்தார். சிரிங்கக்கா எழுந்து நுரையைப் பற்றியும் நாற்றத்தைப் பற்றியும் குட்டிகள் இல்லாமல் போனதைப் பற்றியும் சொன்னாள். குரல் உயர்ந்துகொண்டே போனது.

மில் மேனேஜர் பதறவில்லை. பஞ்சு மாதிரி பேசுகிறவர். சுவரிலிருந்து காலண்டரைக் கழற்றி இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“மேடம், இது அக்காவே எடுத்த படம். எங்க குழாய்க்கு நேர் எதிர்ல, நல்ல வெயில் காலத்துல எடுத்தது. நான் எடுத்திருந்தா நீங்க சந்தேகப்படலாம். இதுல நுரை எங்க இருக்குன்னு அக்காவையே காட்டச் சொல்லுங்க.”

குழாய் கக்குவது என்ன என்று அந்த மனிதருக்குத் தெரியாதா? தெரியும். அவருடைய அலுவலக ஜன்னல் அந்தப் பக்கம்தான் திறக்கிறது. தெரிந்துகொண்டே, தேன் ஒழுகப் பேசுகிறார். சிரிங்கக்காவுக்குக் காது சூடாகிவிட்டது. ஆனால் என்ன சொல்வது? அண்ணனைக் காட்டிக்கொடுப்பதா? கொடுத்தாலும் யார் நம்புவார்கள்?

அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படத்தைப் பார்த்தார். “நல்ல படம்மா. ஆனா, நான் பார்த்த நீர்நாய்க்கெல்லாம் தாடி இருந்ததில்லையே. இது வேற வகையா?”

அப்போதுதான் சிரிங்கக்கா அதை ஒழுங்காகப் பார்த்தாள். இத்தனை நாள் கோபத்தில் தண்ணீரை மட்டுமே பார்த்திருந்தாள். நீர்நாயின் வாயைச் சுற்றி, மோவாயில், மீசை முடி நுனிகளில், கொத்துக் கொத்தாக வெள்ளை.

அவள் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். “அண்ணா, தாடியை மட்டும் ஏன் விட்டே?”

அண்ணன் எழுந்து நின்றார். நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லாதவர். “தாடி மீசையில நாம கை வைக்கிறதில்லையே பாப்பா” என்றார்.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது. பெஞ்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

“நீங்க யாரு?” என்றார் அதிகாரி.

“இவளோட அண்ணன், மேடம். ஸ்டூடியோ வச்சிருக்கேன். நான்தான் கழுவுனேன்.”

“எதைக் கழுவுனீங்க?”

“ஆத்தை.”

யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். அண்ணன் சொல்லிக்கொண்டே போனார். பாறைக்குப் பாறை நுரையை எடுத்தது, தண்ணீருக்கு நிறம் கொடுத்தது, எல்லாம். “அது வாயில இருந்ததையும் தாடின்னு நினைச்சு விட்டுட்டேன். தாடி இல்ல மேடம், அதுவும் நுரைதான். என் தங்கச்சி எடுத்தது பொய் இல்ல. நான் கழுவுனதுதான் பொய்.”

மேனேஜர் லேசாகக் கனைத்தார். “ஒரு மிருகத்தோட வாயில வெள்ளையா இருக்கிறதை வச்சு…”

“நுரைதான் சார்.” பின்னாலிருந்து ஒரு தொழிலாளியின் குரல், எழுந்து நிற்காமலே. “ஷிப்ட் முடிஞ்சு அந்தப் பக்கமா இறங்கினா எங்க காலுக்கும்தான் தாடி முளைக்குது.”

இந்தத் தடவை சிரிப்பை யாரும் நிறுத்தவில்லை. அது வேடிக்கைச் சிரிப்பும் இல்லை. அதிகாரி சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார். “தண்ணி வடியட்டும். வெயில் காலத்துல நானே வந்து அந்த வளைவுல நிக்கிறேன். அதுவரைக்கும் புதுக் குழாய்ப் பேச்சு கிடையாது.”

மேனேஜர் இன்னும் காலண்டரை நெஞ்சோடு பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். சிரிங்கக்கா கேமராவைத் தூக்கினாள்.

“சார், அப்படியே பிடிங்க. கொஞ்சம் சிரிங்க.”

அந்த ஊரில் அந்தக் குரலுக்கு முன்னால் ஸ்டூலில் உட்காராதவர் இல்லை. பழக்க தோஷத்தில் மனிதர் சிரித்துவிட்டார்.

அந்தப் படம் இப்போது ஸ்டூடியோ கண்ணாடிப் பெட்டியில், புதுமணத் தம்பதிகளுக்கு நடுவில் இருக்கிறது. நெற்றி வியர்வை, காலர் அழுக்கு, மூக்கு மேல் பரு, பல்லெல்லாம் தெரிகிற சிரிப்பு, கையில் தாடி வைத்த நீர்நாய். போகிறவர்கள் வருகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். அண்ணனுக்குத்தான் கை அரிக்கிறது.

“பாப்பா, அந்தப் பருவை மட்டும்…”

“கையை எடு அண்ணா.”

பக்கத்தில் ஓர் ஆணி அடித்து வைத்திருக்கிறாள். வரப்போகிற வெயில் காலத்துப் படத்துக்கு.