நடவு வரிசையில் எனக்கு விட்ட இடம்

மாதாவின் மேல் அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம். என் பெயர் ஆரோக்கியமேரி. வயலில் நடவு நட்டுப் பிழைத்தவள். கணவர் இறந்து ஒரு வருஷம்கூட ஆகாத நிலையில், போன குறுவை நடவின் தொடக்கத்திலேயே நாற்றுக்கட்டோடு வரப்பில் சறுக்கி விழுந்தேன். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது.

கம்பெனி வேலைக்காரர்களுக்கு அடிபட்டால் வீட்டில் இருக்கும் நாளுக்கும் சம்பளம் உண்டாம். தொழிலாளர் ஆபீசுக்கு விசாரிக்கப் போனேன். "ஒங்களுக்கு மொதலாளி யாரும்மா?" என்று கேட்டார்கள். இன்றைக்கு ஒருவர் வயல், நாளைக்கு இன்னொருவர் வயல். யார் பெயரைச் சொல்வது? வீட்டுக்குத் திரும்பினேன்.

வீட்டில் அரிசி இல்லை. பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஸ்டெல்லா, "ஒனக்குப் பதிலா நான் நடவுக்குப் போறேம்மா" என்றாள். சேற்றில் இறங்கிய பிள்ளை மறுபடி பள்ளிக்கூடம் போனதை எங்கள் தெருவில் நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. மாதா படத்தின் முன்னால் உட்கார்ந்து சண்டை போட்டேன். "தாயே, நீயும் பிள்ளை பெற்றவள்தானே! என் கையைச் சரியாக்கு, இல்லையென்றால் என்னை எடுத்துக்கொள்" என்று கத்தி அழுதேன்.

மறுநாள் ஸ்டெல்லா என் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு வயலுக்குப் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள். கூடவே, சேர்ந்து நடவுக்குப் போகும் எங்கள் செட்டுக்குத் தலைவியான மல்லிகாக்கா.

"ஏண்டி மேரி, படிக்கிற புள்ளய அனுப்புறியே! நீ நிக்கிற எடத்த அப்படியே விட்டிருக்கோம். பக்கத்துல நிக்கிறவளுவ சேத்து நட்டுடுவாளுவ. கூலி பிரிக்கிறப்ப அந்த எடத்துக்கும் ஒரு பங்கு."

நாங்கள் ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி வாங்கி, ஆளுக்குச் சமமாகப் பிரித்துக்கொள்வோம். "எல்லாருக்கும் கொறையுமேக்கா" என்றேன்.

"கொறஞ்சா கொறையட்டும். நாளக்கி நாங்க விழ மாட்டமா?"

மல்லிகாக்கா மாரியம்மனுக்குத் தீ மிதிப்பவர். மாதா கோவில் வாசலை மிதித்ததில்லை. நடவு முடியும்வரை என் பங்கைக் கொண்டுவந்து கொடுத்தார். ஸ்டெல்லா படிப்பு நிற்கவில்லை. ஆனால் என் கை சரியாகவே இல்லை. விரல் மடங்காது, நாற்று நழுவுகிறது. இனி என்னால் நட முடியாது. அந்தத் துக்கம் இன்னும் ஆறவில்லை.

சம்பா நடவில் மல்லிகாக்கா காய்ச்சலில் படுத்தார். அவர் இடத்தையும் விட்டு நட்டார்கள். பங்கை எடுத்துக்கொண்டு நான் போனபோது அவருக்கு நினைவில்லை. அன்று சாயங்காலமே போய்விட்டார்.

உங்களுக்கும் கஷ்டம் வந்தால் மாதாவிடம் சண்டை போட்டாவது கேளுங்கள், தருவாள். யார் கையில் கொடுத்து அனுப்புவாள் என்று மட்டும் நீங்களே முடிவு பண்ணிவிடாதீர்கள். நன்றி சொன்னால் "போடி" என்பார் என்று நினைத்து, மல்லிகாக்காவிடம் நான் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை. அதைத்தான் இப்போது உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்கிறேன்.