எல்லை வேலிக் கதியால்

இராணுவம் விடுவித்த எங்கள் காணியில் பற்றை வெட்டியபோது, பழைய எல்லை வேலிக்கு நட்ட கிளுவைத் தடியான கதியால் ஒன்று முறிந்து மணத்தது. அக்காலத்தில் ஆண்டுதோறும் வேலி அடைக்கும் நாளில், கதியால் ஒரு விரற்கடையேனும் நகர்ந்துவிடுமோ என்ற ஐயத்தில் என் தந்தையார் இப்பக்கம் கதிரை போட்டு அமர்வார். அதே ஐயத்தில் அயலவர் கந்தையர் அப்பக்கம் அமர்வார். எங்கள் இரு வீட்டுத் தாய்மாரோ வேலியில் விட்ட இடைவெளியான பொட்டினூடாகக் குழம்புச் சட்டியைக் கைமாற்றிக்கொள்வர். இன்று அந்நால்வரும் இல்லை.

“அண்ணை, எல்லையை நீங்களே காட்டுங்கோ, எனக்கு ஓம்,” என்றான் கந்தையரின் மகன்.

இவ்வளவு தாராளம் எதற்கென்று எனக்கு விளங்கவில்லை. புதுவேலி அடைக்கும் நாளன்று விடியவே கதிரையுடன் சென்றேன். அவன் எனக்கு முன்பே தன் பக்கம் கதிரை போட்டு அமர்ந்திருந்தான்.

“இருங்கோ அண்ணை, கதியால் ஓடாது,” என்றான்.

“அப்ப நீ ஏன் இருக்கிறாய்?” என்றேன்.