ஞாயிற்றுக்கிழமை யாருடைய பாடு?

1. படகிலேயே தொடங்கிய டியூட்டி

வி.எச்.என்., அதாவது கிராம சுகாதார செவிலியராக எனக்கு முதல் போஸ்டிங் கிடைத்தது பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் ஒரு தீவு ஊரில். பஸ் டச்சுக்காரர் கல்லறைப் பக்கம் இறக்கிவிடும். அங்கிருந்து துறைக்கு நடந்து படகு ஏற வேண்டும். ஜாயினிங் ஆர்டரும் ஒரு பெட்டியுமாக உட்கார்ந்திருந்த என்னை எதிரே இருந்த அம்மாள் ஏற இறங்கப் பார்த்தாள்.

"புச்சா வர்ற நர்ஸா?"

"ஆமாம்மா."

"நண்டு கட்ச்சிட்ச்சி. இன்னான்னு பாரு," என்று கட்டைவிரலை நீட்டினாள். சீழ் கட்டியிருந்தது. அதைப் பார்த்து முடிப்பதற்குள் பக்கத்தில் இருந்தவர் தன் முட்டிவலியைச் சொல்லத் தொடங்கினார். ஊரில் கால் வைப்பதற்கு முன்பே எனக்கு ஓ.பி. ஆரம்பித்துவிட்டது.

சப் சென்டர் இரண்டே அறை. முன்னறை கிளினிக், பின்னறை என் வீடு. நடுவில் ஒரு கதவு இருந்தது. அதைக் கதவு என்று ஊரில் ஒருவரும் மதிக்கவில்லை. நான் சாப்பிடும்போது வருவார்கள். "நீ துன்னு சிஸ்டர், நான் குந்தினு கீறேன்," என்று எதிரிலேயே உட்கார்ந்து, நான் வாயில் வைக்கும் ஒவ்வொரு கவளத்தையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மரியாதைக்குக் குறைவில்லை. மீன் கொண்டுவருவார்கள், இறால் கொண்டுவருவார்கள். அதைச் சமைக்கத்தான் விடமாட்டார்கள்.

ஞாயிறு எனக்கு வீக்லி ஆஃப். அது உத்தரவில் இருந்ததோடு சரி. என் கணவருக்குப் பொன்னேரியில் ரைஸ் மில்லில் வேலை. மகளும் அவரோடு இருந்தாள். ஞாயிறு காலை கிளம்பலாம் என்று பையைத் தூக்கினால், துறைக்குப் போவதற்குள் யாராவது கையைப் பிடித்து இழுத்துவிடுவார்கள். மாதத்தில் ஒரு முறை வீட்டுக்குப் போனாலே பெரிது. "டச்சுக் கல்லறை வாசல்ல செதுக்கி வெச்சிகிறானே எலும்புக்கூடு, அதுமாரி ஆயிட்டே," என்று கணவர் கிண்டல் செய்தார். அதற்குச் சிரித்துவிட்டேன். ஆனால் ஒருமுறை வீட்டு வாசலில் நின்றபோது, என் மகள் உள்ளே பார்த்து, "நைனா, நர்ஸம்மா வந்துட்டாங்க," என்று குரல் கொடுத்தாள். ஆறு வயதுப் பிள்ளை. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

2. ஊர்க் கூட்டத்தில் என் வழக்கு

அந்த ஏரியில் வலை கட்ட நல்ல இடங்கள் கொஞ்சம்தான். அதனால் முறை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பாடு என்று பெயர். இன்று ஒரு கூட்டத்தின் பாடு என்றால் அந்த இடத்தில் அவர்கள் மட்டும்தான் வலை போடலாம். மீன் துள்ளிக் குதித்தாலும் மற்றவர்கள் கரையில் உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான். மீறினால் ஊர் அபராதம் போடும். அதைவிடப் பெரிய தண்டனை வெட்கம். அடுத்தவன் பாடு நாளில் வலை போட்டவன் என்று பெயர் எடுத்தால் அந்த வீட்டில் பெண் எடுக்க யோசிப்பார்கள்.

மகள் சொன்ன அந்தச் சொல் மனதை விட்டுப் போகவில்லை. அடுத்த ஊர்க் கூட்டத்தில் போய் நின்றேன். சட்டம், லீவ் ரூல் எல்லாம் பேசினால் எடுபடாது என்று தெரியும்.

"ஆறு நாள் உங்க பாடு. ஞாயித்துக்கிழமை என் பிள்ளையோட பாடு. அதுல வந்து வலை போடாதீங்க," என்றேன்.

ஊர்த் தலைவர், "நாயமாத்தான் கீது," என்றார். "இன்மே ஞாயித்துக்கெழம யாரும் நர்ஸம்மாவ இட்டாரக் கூடாது. மீறினா தண்டம்."

எவ்வளவு சாமர்த்தியமாகப் பேசிவிட்டேன் என்று எனக்கே பெருமை. அடுத்த ஞாயிறு துறைக்கு நடந்தபோது வழியில் இருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கோபத்தில் இல்லை. என்னைப் பார்த்தால் எதையாவது கேட்டுவிடுவோமோ என்ற பயம். வாராவாரம் வீட்டுக்குப் போனேன். மகள் என் மடியில் படுத்துக்கொண்டு பேன் பார்க்கச் சொன்னாள்.

3. கோகிலா

கோகிலா எனக்கு ஏ.என். மதர், அதாவது என் பதிவில் இருந்த கர்ப்பிணி. தலைச்சன் பிள்ளை, எட்டாம் மாதம். அவளுடைய அப்பா, கணவன் இருவருமே ஏரியில் பாடு உள்ளவர்கள். ஒரு திங்கட்கிழமை முதல் படகில் நான் திரும்பி வந்தபோது சப் சென்டர் படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகமும் காலும் வீங்கியிருந்தன.

"எப்போலேர்ந்து?"

"நேத்து காத்தால தலவலி. அப்பால கண்ணு மின்னிமின்னி தெரிஞ்சிது."

பி.பி. பார்த்தேன். பாதரசம் ஏறிய உயரத்தை நம்பாமல் மறுபடியும் பார்த்தேன். அதேதான்.

"நேத்தே பழவேற்காடு பி.எச்.சி.க்குப் போயிருக்கலாமேம்மா?"

அவளுடைய மாமியார் பதில் சொன்னாள். "ஞாயித்துக்கெழமயாச்சே சிஸ்டர். ஒங்க பாடு. நாங்க மீறுவமா?"

அப்போதுதான் புரிந்தது. என்னை அழைக்கக் கூடாது என்றுதான் ஊர் முடிவு செய்திருந்தது. இவர்கள் அதை எப்படிக் காத்தார்கள் என்றால், ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரி என்ற பேச்சே எடுக்கக் கூடாது என்று காத்தார்கள். பக்கத்தில் பி.எச்.சி. என்ற ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது, டாக்டர் இருக்கிறார், படகும் இருக்கிறது. முறை இல்லாத நாளில் கரையில் உட்கார்ந்து பழகியவர்கள், அன்றும் உட்கார்ந்துவிட்டார்கள்.

பி.எச்.சி.க்குக் கொண்டுபோகும் வழியில் படகிலேயே அவளுக்கு ஃபிட்ஸ் வந்தது. இடது பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்து, நாக்கைக் கடிக்காமல், தண்ணீரில் விழாமல் பிடித்துக்கொண்டோம். பி.எச்.சி.யில் ஊசி போட்டு ஜீப்பில் பொன்னேரிக்கு அனுப்பினார்கள். கோகிலா பிழைத்தாள். குழந்தை இறந்தே பிறந்தது. பையன்.

4. விசாரணை

எனக்கு மேலே செக்டர் ஹெல்த் நர்ஸ் ஒரு அம்மா. நல்லவர், ஆனால் மேலே பதில் சொல்ல வேண்டியவர்.

"ஏம்மா, உன்ன யாரு பாடு கீடுன்னு கூட்டத்துல போய்ப் பேசச் சொன்னது? இனிமே ஞாயித்துக்கிழமையும் சப் சென்டர்லயே இரு. வீட்டுக்குப் போறதெல்லாம் ரிடையர் ஆனதுக்கப்புறம் பாத்துக்கலாம்."

எதிர்த்துப் பேசும் தெம்பு எனக்கு இல்லை. ஊர்க் கூட்டமும் அதையே சொல்லத்தான் கூடியது. தலைவர் என்னைப் பார்க்காமல், "ஞாயித்துக்கெழம பாட்ட எட்த்துர்லாம். அதனாலதான் ஒரு உசுரு போச்சி," என்றார். நானும் எழுந்து சரி என்று சொல்லிவிட்டேன். என் மகள் என்னை என்ன சொல்லிக் கூப்பிட்டாலும் சரி, இன்னொரு குழந்தை போகக் கூடாது என்றுதான் அப்போது தோன்றியது.

பெண்கள் பக்கத்திலிருந்து கோகிலா எழுந்தாள். உடம்பு இன்னும் தேறவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நர்ஸம்மா வூட்டுக்குப் போனதுல தப்பு இல்ல. எங்க நைனாவுக்குப் பாடு இல்லாத நாளு அடுத்தவங்களுக்குப் பாடு. எடம் சும்மா கெடக்காது. ஞாயித்துக்கெழம நர்ஸம்மாவ இட்டாரக் கூடாதுன்னீங்க. அப்ப அன்னிக்கி ஊரப் பாக்குறது யாரு பாடு? கூட்டத்துல குந்தினு இருந்தீங்களே, யாராச்சும் கேட்டீங்களா?"

கேட்டிருக்க வேண்டியவர்களில் நானும் ஒருத்தி. என் ஓய்வை மட்டும்தான் கேட்டு வாங்கினேன். குழந்தையைப் பறிகொடுத்தவள் வாயால் என் விடுமுறைக்கு நியாயம் வந்தது. அன்று கூட்டத்தில் உட்கார்ந்தபடியே அழுதேன்.

5. திலகாவும் நானும்

அடுத்த ஊர் சப் சென்டரில் திலகா என்று ஒரு வி.எச்.என். அவளுக்கும் இதே கதை. அவளுக்கு ஞாயிறும் இல்லை, தீபாவளியும் இல்லை. இருவரும் பேசி முறை வைத்துக்கொண்டோம். ஒரு ஞாயிறு அவள் இரண்டு ஊரையும் பார்ப்பாள், அடுத்த ஞாயிறு நான். செக்டர் அம்மாவிடம் போனோம். "ரூல்ல இதுக்கு இடமே இல்ல," என்றார். கொஞ்சம் யோசித்து, "எனக்கு எதுவும் தெரியாது, போங்க," என்றார். கவர்ன்மென்ட்டில் இதைவிடத் தெளிவான பர்மிஷன் கிடைக்காது.

சனிக்கிழமை சாயங்காலம் கோயில் மைக்கில் அறிவிப்பார்கள்: "நாளிக்கித் திலகா சிஸ்டர் பாடு. ஒடம்பு சரியில்லாதவங்க அங்க போங்க. படகு துறையில நிக்கும்." படகை நிறுத்தி வைப்பது ஊரின் பொறுப்பு. அதைத் தவறவிட்டால்தான் இப்போது தண்டம்.

வேலைக்குப் புதிதாக வரும் பெண்கள் என்னிடம், வீட்டையும் டியூட்டியையும் எப்படி அக்கா சமாளித்தீர்கள் என்று கேட்பார்கள். யோகா செய், மனதைத் தளரவிடாதே என்றெல்லாம் டிரெய்னிங்கில் சொல்வார்கள். அதையும் செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் லீவ் லெட்டர் கொடுக்கும்போதே, நான் இல்லாத நேரத்தில் யார் என்பதையும் ஊருக்குப் பெயர் சொல்லிவிட்டுப் போங்கள். அந்தப் பெயர் இல்லாத லீவ், லீவே இல்லை. உங்களுக்கும் நிம்மதி இருக்காது, ஊருக்கும் இருக்காது.

சில வருஷம் கழித்து கோகிலா மறுபடியும் உண்டானாள். இந்த முறை வாராவாரம் பி.பி. பார்த்தேன். அவள் சலித்துக்கொள்ளும் அளவுக்குப் பார்த்தேன். அதற்குள் செல்போன் வந்து, ஊரில் பாதிப் பேரிடம் என் நம்பர் இருந்தது. ஒரு திங்கட்கிழமை படகை விட்டு இறங்கினேன். கோகிலாவின் மாமியார் சர்க்கரை டப்பாவோடு துறையில் நின்றிருந்தாள்.

"நேத்து மத்தியானம் வலி கண்டுது. திலகா சிஸ்டரு கூடவே வந்து பி.எச்.சி.ல சேத்துச்சி. பொண்ணு. தாயும் புள்ளையும் நல்லா கீது."

"எனக்கு ஒரு போன் பண்ணக் கூடாதா?" என்று கேட்டேன். உண்மையிலேயே மனத்தாங்கலாக இருந்தது.

"ஒனக்கு எதுக்கு?" என்றாள் மாமியார். "நேத்து ஒன் பாடு இல்லியே."

நேற்று மத்தியானம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்தேன். மகள் பக்கத்தில் படுத்திருக்க, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தேன்.