செத்துப்போன நேர்ஸ் மேடையேறிய நாள்

போன கிழமை மகளுக்குத் தடிமன். டொரோண்டோவுக்குப் பக்கத்து ஊரான அஜக்ஸில், எங்கள் வீட்டுக் குசினியில் சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் நாலு சொட்டு யூக்கலிப்டஸ் எண்ணெய் விட்டு, துவாயால் தலையை மூடி ஆவி பிடிக்க வைத்தேன். "அம்மா, திஸ் இஸ் டோர்ச்சர்" என்று துவாய்க்குள் இருந்து சத்தம் வந்தது. அந்த மணம் என் மூக்கில் ஏறியதும் எனக்கு மறுபடி இருபத்தாறு வயது. டொரோண்டோ நகரத்து நடுவில் ஒரு சின்ன நாடக அரங்கின் உடுப்பு அறையில், வாயில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன்.

நான் அங்கே போய்ச் சேர்ந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இலங்கையிலிருந்து கனடாவில் வந்திறங்கி, டொரோண்டோவின் டோர்செட் பார்க் பகுதியில் அக்காவும் அத்தானும் இருந்த ஒன்பதாம் மாடி வீட்டில் ஒட்டிக்கொண்டேன். ஊரில் தையல் பழகியிருந்ததால் ஒரு தொழிற்சாலையில் கொலர் தைக்கும் வேலை கிடைத்தது. கொலர் மட்டும். ஒரு வருடமாக ஒரு முழுச் சட்டையை நான் அங்கே கண்டதில்லை. பிறகு ஆங்கில வகுப்பு ரீச்சர், "ஒரு தியேட்டரில் தையல்காரி தேடுகிறார்கள், போய்ப் பார்" என்றார். தியேட்டர் என்றால் எனக்குப் படம் ஓடும் இடம்தானே தெரியும். படம் ஓட்டுகிறவர்களுக்குத் தையல்காரி எதற்கு, ஒருவேளை திரை கிழிந்துவிட்டதோ என்று யோசித்துக்கொண்டேதான் சப்வேயில் போனேன்.

நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதம் நடிக்க வந்தவர்தான் பெவ். அவுஸ்திரேலியாக்காரி, ஐம்பதை நெருங்கிய வயது, தோள்கள் ஆண்பிள்ளைத் தோள்கள் மாதிரி. முதல் நாள் கதவைத் திறந்தால் மனுஷி துவாயைப் போர்த்திக்கொண்டு ஆவி பிடிக்கிறார். "எங்கள் வீட்டிலும் இப்படித்தான் செய்வோம்" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். துவாயின் ஒரு மூலை உயர்ந்தது. சிவந்த முகம் எட்டிப் பார்த்தது.

"அப்படியென்றால் நீங்கள் நாகரிகமான சனம்" என்றார்.

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போய் அக்காவிடம் பெயரைச் சொன்னேன். அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"எடியே, அவ எங்கட நேர்ஸம்மாவடி!"

அக்காவும் பக்கத்து வீட்டு அன்ரிமாரும் மத்தியானத்தில் ஒரு அவுஸ்திரேலியத் தொடர் பார்ப்பார்கள். பாதி ஆங்கிலம் விளங்காது. ஆனால் யார் யாருக்குத் துரோகம் செய்கிறார்கள் என்பது மட்டும் அச்சொட்டாக விளங்கும். அதில் ஒரு ஆஸ்பத்திரித் தலைமை நேர்ஸ். அவர்தான் பெவ்.

"அவவைத்தான் போட்டில தாட்டுப்போட்டாங்களே. நான் ரெண்டு நாள் சாப்பிடேல்லை" என்றார் அக்கா. இரண்டு நாளும் அவர் சாப்பிட்டதை நான் கண்டேன்.

பெவ்வின் நாடக உடுப்பு சாம்பல் நிறம், முதுகில் இருபத்திரண்டு பொத்தான்கள். அவற்றைப் பூட்டும் நேரத்தில்தான் அவர் கதை துண்டு துண்டாக வரும். சின்ன ஊர் ஒன்றில் இறைச்சிக் கடைக்காரரின் மகள். பதினெட்டு வயதில் நாடகக் குழுவோடு லொறியில் ஊர் ஊராகப் போனவர். பிறகு தொலைக்காட்சி. நேர்ஸாகப் பதினொரு வருடம். வயது நாற்பத்தைந்து ஆனதும் புதிய தயாரிப்பாளர் அவரைப் படகில் ஏற்றி மூழ்கடித்தார். அதன் பிறகு தொலைபேசி அடிக்கவில்லை. கடைக்குப் போனால் சனம் வந்து, "நீங்கள் செத்துப் போகவில்லையா?" என்று கேட்குமாம்.

"மூன்று வருடம் அதற்குப் பதில் சொன்னேன்" என்றார். "ஒருநாள் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அன்றைக்குத்தான் மறுபடி மேடைக்குப் போனேன்."

பாடசாலை மண்டபங்கள், தேவாலய மண்டபங்கள் என்று மறுபடி அடியிலிருந்து ஏறி வந்தவர். டொரோண்டோ நாடகம்தான் அவருக்கு வெளிநாட்டில் கிடைத்த முதல் பெரிய பாத்திரம். கணவன் இறந்தபின் பண்ணையை விற்க வேண்டிய ஒரு பெண். இரண்டாம் பாதி முழுவதும் அவர் ஒருவரே பேசவேண்டும்.

பத்திரிகைக்காரர்களை அழைப்பதற்கு முன், ஒத்திகை மாதிரி சில இரவுகள் நாடகத்தைச் சனத்துக்கு முன்னால் போட்டுப் பார்ப்பார்கள். அதில் முதலாவது இரவிலேயே பெவ் வசனத்தை மறந்துவிட்டார். மறைவிலிருந்து ஒருவர் அடியெடுத்துக் கொடுத்தார். பேசினார். மறுபடி நின்றார். மூன்றாம் தரம் நின்றபோது சனத்துக்குள்ளே இருமல்கள் கேட்கத் தொடங்கின. தொலைக்காட்சியில் ஒரு பக்கம் பாடமாக்கினால் அன்றைய வேலை முடிந்தது. பதினொரு வருடப் பழக்கம் லேசில் விடுமா?

அடுத்த நாள் காலை உடுப்பு அறைத் தலைவி லினெட் என்னைக் கூப்பிட்டார். "சாம்பல் உடுப்பில் இன்னொன்று தை. இடுப்பு மூன்று அங்குலம் குறைவு. பெவ்வுக்குத் தெரியக்கூடாது."

விளங்கிவிட்டது. வேறொருத்தியைத் தயார் செய்கிறார்கள். எனக்கு வேலை புதிது. வாயை மூடிக்கொண்டு வெட்டினேன். மத்தியானம் லினெட் சாப்பிடப் போன நேரம் பார்த்து பெவ் உள்ளே வந்தார். தையல் பொம்மையில் தொங்கிய உடுப்பைச் சுற்றி ஒரு தரம் நடந்தார்.

"இது யாருடைய இடுப்பு?"

பொய் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அந்த வயதில் எனக்குத் தமிழிலேயே பொய் ஒழுங்காக வராது, ஆங்கிலத்தில் எங்கே போவது?

"உங்களுடையது இல்லை" என்றேன்.

அவர் கதிரையில் இருந்தார். கையைப் பார்த்தார். அழப்போகிறார் என்று நினைத்துத் துணித்துண்டு ஒன்றை நீட்டினேன். அதை வாங்கி மூக்கைச் சீறிவிட்டு, பையிலிருந்து நாடகப் பிரதியை எடுத்து என் மடியில் போட்டார்.

"மற்ற ஆளின் வசனத்தை நீ வாசி. நான் பிழை விட்டால் நிறுத்து. இரக்கம் காட்டாதே."

எனக்குச் சிரிப்பும் பயமும். நான் ஆங்கிலம் வாசித்தால் எனக்கே விளங்காது. முதல் பக்கத்திலேயே "ஷீப்" என்ற சொல் வந்தது. செம்மறியாடு. நான் "சீப்" என்று வாசித்தேன். "மலிவா? அந்த மனிதன் என் ஆடுகளை மலிவு என்கிறானா?" என்று பெவ் கேட்டார். திருப்பி வாசித்தேன். திருப்பியும் "சீப்". தமிழில் அது தலைவாரும் சீப்பு என்று சொன்னதும் அவர் மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். "கடைசி நாற்பது சீப்புகளும் பஞ்சத்தில் செத்துவிட்டன!"

நாலு நாள், ஒவ்வொரு மத்தியானமும். நான் பொத்தான்களைத் தைத்துக்கொண்டே வாசித்தேன், அவர் நடந்துகொண்டே பேசினார். ஒரு சொல் பிசகினாலும் நிறுத்தினேன். லினெட் இரண்டாம் நாளே கண்டுவிட்டார். கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்.

பத்திரிகைக்காரர்கள் வரும் முதல் இரவுக்கு பெவ் எனக்கு நாலு ரிக்கெற் தந்தார். அக்காவும் மூன்று அன்ரிமாரும் காஞ்சிபுரச் சேலையும் பனிக்கால பூட்சுமாக மூன்றாம் வரிசையில் வந்து இருந்தார்கள். நான் பக்கத் திரைக்குப் பின்னால் நின்றேன்.

இரண்டாம் பாதி. பெவ் பேசுகிறார், ஆறு மாதிரி ஓடுகிறது. நான் உதடசைத்துக்கொண்டே கூடப் போகிறேன். அவர் சொல்லும் கதையில் பஞ்ச வருடம் வருகிறது. கணவன் வேலியோரம் நிற்கிறான். பிறகு பெவ் நின்றார்.

ஒன்று. இரண்டு. மூன்று. மறைவில் இருந்தவர் அடியெடுத்துக் கொடுக்கப் பிரதியைத் தூக்கிவிட்டார். ஒரு இருமல் இல்லை. பெவ் தலையைத் திருப்பி, சரியாக நான் நின்ற பக்கம் பார்த்தார். உதட்டோரம் ஒரு சின்னச் சிரிப்பு. பிறகு, இறந்துபோன நாற்பது ஆடுகளையும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் புதைத்த கதையை அந்தச் சிரிப்போடேயே சொன்னார். அரங்கில் ஒருவர் விம்மியது கேட்டது. சிரித்துக்கொண்டு சொன்னால் அது அப்படி வலிக்கும் என்று எழுதினவருக்குக்கூடத் தெரிந்திருக்காது.

முடிந்ததும் முழுச் சனமும் எழுந்து நின்றது. எல்லோருக்கும் முதலில் எழும்பியது மூன்றாம் வரிசைக் காஞ்சிபுரங்கள் என்று அக்கா இன்றைக்கும் சத்தியம் செய்வார். பெவ் குனிந்து வணங்கி, மறுபடி குனிந்து, ஆறாம் தரம் வந்து, கடைசியில் பக்கத் திரைக்குள் ஓடிவந்து என்னைத் தூக்கிச் சுற்றினார். ஆண்பிள்ளைத் தோள்கள் என்று சொன்னேனே.

"நின்றீர்களே, மறந்துபோச்சா?" என்று கேட்டேன்.

"சுத்தமாக. பிறகு காதுக்குள் நீ சீப்பு என்றாய்."

வாசலில் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். "நேர்ஸம்மா சாகேல்லையடி" என்றார். "ஓம், சாகேல்லை" என்றேன்.

அடுத்த நாள் பத்திரிகைகள் எல்லாம் பெவ்வையே பேசின. இரண்டாவது சாம்பல் உடுப்பை லினெட் தன் கையாலேயே தையல் பிரித்தார். நாடகம் ஐந்து கிழமைக்குப் போட இருந்தது, பன்னிரண்டு கிழமை ஓடியது. அங்கிருந்து பெவ் லண்டனுக்குப் போனார். பிறகு தன் நாட்டில் பெரிய பெரிய மேடைகள். சிட்னியிலிருந்து வந்த ஒரு தபாலட்டையில், "இப்போது கடையில் யாரும் என்னிடம் செத்தாயா என்று கேட்பதில்லை, ரிக்கெற் இருக்கிறதா என்று கேட்கிறார்கள்" என்று எழுதியிருந்தார். எழுபத்தைந்து வயது வரைக்கும் நடித்தார். நானும் சும்மா இருக்கவில்லை. லினெட் ஓய்வு பெற்றபோது உடுப்பு அறைப் பூட்டின் திறப்பை என் கையில்தான் தந்தார்.

அந்த அரங்கு இப்போது இல்லை. அந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறது. மேடை இருந்த பக்கம் கார்கள் இறங்கும் சரிவுப் பாதை. மூன்று அன்ரிமாரில் ஒருவர் எங்கள் பக்கத்து ஊரான விட்பியில் இருக்கிறார். மற்ற இருவரும் போய்விட்டார்கள். பெவ்வும் போய்விட்டார். அந்த நாடகத்தை யாரும் படம் பிடித்து வைக்கவில்லை. பெவ்வின் பெயரைப் போட்டுத் தேடினால் ஒரே ஒரு மங்கிய புகைப்படம் வருகிறது, அதிலும் முகம் பாதி நிழல். பரவாயில்லை. நான் எட்டடி தூரத்தில் நின்று பார்த்தவள்.