அஞ்சு வருசப் பாடம்

போன ஆவணியில் கோவில்பட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பேத்தியோடு வேலை பார்க்கிற பிள்ளையின் கல்யாணம். மண்டபத்து வாசலில் பூச்சட்டம் ஒன்றை நிறுத்தி, பக்கத்து மேசையில் அட்டையில் வெட்டின மீசை, தொப்பி, கறுப்புக் கண்ணாடி எல்லாம் குச்சியில் ஒட்டி வைத்திருந்தார்கள். ஆளுக்கொன்றை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டுமாம். என் கையில் ஒரு அட்டைச் சுங்கானைத் திணித்தாள் பேத்தி. சுங்கான் என்றால் புகையிலையை அடைத்துப் புகைக்கிற வளைந்த குழாய். இந்தக் காலத்தில் யாருக்குத் தெரிகிறது?

"வாயில வைங்க ஆச்சி" என்றாள்.

நான் வாயில் வைக்கவில்லை. கை தன் பாட்டுக்கு அதை மூக்குக்குக் கொண்டுபோய்விட்டது. பசை வாசம் அடித்தது.

"ஆச்சி, அது என்ன மல்லியப்பூவா?" என்று சிரித்தாள். போட்டோவும் அப்படியே விழுந்துவிட்டது, சுங்கானை மோந்துகொண்டிருக்கிற கிழவியாக. அதைப் போனில் எத்தனை பேருக்கு அனுப்பினாளோ. சிரித்தால் சிரிக்கட்டும். சுங்கானை முதலில் மூக்குக்குக் கொடுத்து, பிறகுதான் வாய்க்குக் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது.

எனக்கு அது தெரிந்தது என் மாமனாராலும் அவருடைய இரண்டு கூட்டாளிகளாலும். எப்போதும்வென்றான் என்கிற ஊருக்குக் கிழக்கே நான் வாழ்க்கைப்பட்ட ஊரில் பீடி குடிப்பவர்கள் உண்டு, சுருட்டு உண்டு, பொடி உண்டு. சுங்கான் இந்த மூன்று பேருக்கு மட்டும்தான். கூட்டாளிகளில் ஒருவர் கண்டியார். இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருசம் இருந்துவிட்டு, ஒரு தகரப்பெட்டியும் இரண்டு சுங்கானுமாக வந்தவர். அதில் ஒன்றைத்தான் மாமாவுக்குக் கொடுத்தார். மற்றவர் பட்டாளத்தார். அவர் சுங்கான் பட்டாளத்தில் வாங்கியது, நுனியில் பல் தடம் விழுந்திருக்கும். உழவு இல்லாத நாளில் மூன்று பேரும் களத்து வேம்படியில் உட்கார்ந்தால், புகைப்பது கொஞ்சம், அதைப் பற்றிப் பேசுவது அதிகம். நேற்றைய இலை காட்டமாக இருந்தது, இன்றையது பச்சையாக இருக்கிறது, இதில் கருப்பட்டி தூக்கல் என்று ருசி பிரித்துப் பிரித்துச் சண்டை போடுவார்கள். என் மாமியார், எங்கள் அத்தை, அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், "மூணு செங்கச் சூளையும் புகையுது, ஒரு கல்லு வேகக் காணோம்" என்பாள்.

நான் அந்த வீட்டுக்கு வந்த கதையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

என்னைப் பெற்ற அய்யாவுக்கு ஒரு கிணறு. தண்ணீர் உப்பு. வாயில் வைக்க முடியாது. அந்தத் தண்ணீருக்குப் புகையிலைதான் சிரித்துக்கொண்டு வளரும். இலையை வெட்டிக் கயிற்றில் கோத்து உலர்த்துவது வரைதான் எங்களுக்குத் தெரியும். அதற்கு மேலே என்ன செய்கிறார்கள் என்பது வாங்கிக்கொண்டு போகிற வியாபாரியோடு சரி.

மாப்பிள்ளை எட்டாம் வகுப்புப் படித்தவர், அதனால் கொஞ்சமாவது எழுத்து தெரிந்த பெண் வேண்டும் என்கிறார்கள் என்று தரகர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். நான் பள்ளிக்கூடம் போனது மூன்று மாதம். அதில் ஒரு மாதம் வாத்தியார் வரவில்லை. அய்யாவுக்கோ இந்த இடத்தை விட மனசில்லை. பெண் பார்க்க வந்த அன்று முற்றத்துக் கட்டிலில் மாமா உட்கார்ந்து சுங்கானைத் தட்டினார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"வீட்டுல பாடம் உண்டுமா?" என்றார் மாமா.

அய்யா எச்சில் விழுங்கினது எனக்குக் கேட்டது. "உண்டுமே அண்ணாச்சி."

"எத்தன வருசம்?"

"அஞ்சு."

"அஞ்சா!" மாமாவின் குரலே மாறிவிட்டது. "கெட்டியா இருக்குமா?"

"கெட்டின்னா அப்படி ஒரு கெட்டி."

"நடுவுல எடுத்துரலியே?"

"ஒரு நா லீவு எடுக்கல."

மாமா அதற்கு ஒரு மாதிரி சிரித்தார். அய்யா தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்திருப்பார். "சரி, கல்யாணம் முடியட்டும். நானே ஒரு நா உக்காந்து சோதிச்சுப் பாத்துக்கிடுதேன்" என்று எழுந்தார்.

கல்யாணமும் நடந்தது. மறுவீடு போய் வந்த மூன்றாம் நாளே மாமா ஆரம்பித்துவிட்டார். "தாயீ, அந்த அஞ்சு வருசத்த எப்பப் பாக்கலாம்?" நான், "இந்த வாரம் தலவலி மாமா" என்பேன். அடுத்த வாரம் பருத்தி எடுப்பு. அதற்கடுத்த வாரம் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஒரு பெண் எத்தனை சாக்குச் சொல்ல முடியும்? பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் ஒரு பாடப் புத்தகத்தை வாங்கி, அவளை வாசிக்கச் சொல்லி, பசுவைப் பற்றிய பாடத்தை எழுத்துப் பிசகாமல் மனப்பாடம் பண்ணினேன். சோளம் இடிக்கும்போது பசு, சாணி தெளிக்கும்போது பசு. என் வீட்டுக்காரர் ஒரு நாள், "நம்மகிட்ட எருமதான இருக்கு, நீ என்ன எந்நேரமும் பசு பசுங்க?" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் வேம்படியில் உட்கார்ந்துவிட்டார்கள். சுங்கான்களைத் துடைத்துக் காலியாகக் கையில் வைத்திருந்தார்கள். "எடுத்துட்டு வா தாயீ. இன்னைக்கு விட மாட்டோம்" என்று மாமா கூப்பிட்டார்.

நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். விரித்தேன். வரியில் விரலை வைத்துக்கொண்டு, "பசு ஒரு சாதுவான பிராணி" என்று தொடங்கினேன். மூன்று பேரும் வாயைப் பிளந்தார்கள். நன்றாக வாசிக்கிறேன் போலிருக்கிறது என்று இன்னும் சத்தமாகச் சொன்னேன். பட்டாளத்தார் எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, படத்துல ரயிலுல்லா நிக்கி?"

பாருங்கள், அழுதிருப்பேன் என்று நினைப்பீர்கள். நான் அழவில்லை. புத்தகத்தை மூடினேன். "எனக்கு எழுத்து தெரியாது மாமா. அஞ்சு வருசப் பாடம்னு எங்கய்யா சொன்னது பொய். அனுப்பணும்னா இன்னைக்கே அனுப்பிருங்க. ஆனா எங்கய்யாவக் கூப்புட்டு நிறுத்தி வச்சு ஒரு சொல்லு கேக்கக் கூடாது. அவிய தல குனிஞ்சா நான் உசுரோட இருக்க மாட்டேன்."

மாமா என்னைப் பார்த்தார். புத்தகத்தைப் பார்த்தார். "எழுத்தா? அன்னைக்கு நான் எழுத்தயா கேட்டேன்? பொகையில எங்க தாயீ?"

கண்டியாருக்குத்தான் முதலில் விளங்கியது. தொடையில் அடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தவருக்கு இருமல் வந்து நிற்கவே இல்லை. பக்குவம் பண்ணி மூடி வைத்து ஊறப்போட்ட புகையிலைக்கு அவர்கள் பாஷையில் பாடம் என்று பேர். இலை காய்கிற வீட்டில் மாமா அதைக் கேட்டிருக்கிறார். அய்யா பள்ளிக்கூடத்தைச் சொல்லியிருக்கிறார். அஞ்சு வருசம் ஊறின புகையிலையைக் கண்டியாரே கண்ணால் பார்த்ததில்லையாம். மூன்று பேரும் நாலு மாதமாக நாக்கில் எச்சில் ஊறக் காத்திருந்திருக்கிறார்கள்.

சிரித்து முடித்த பிறகு மாமாவின் முகத்தைப் பார்த்தேன். திருவிழாவில் ராட்டினம் நின்றுபோனால் பிள்ளைகள் முகம் போகுமே, அப்படி இருந்தது. "அப்ப இல்லியா?" என்றார்.

எனக்கு எங்கிருந்து அந்த ரோசம் வந்ததோ தெரியவில்லை. "எங்கய்யா அஞ்சுன்னு சொன்னா அஞ்சுதான். பொறுத்திருங்க, நான் வச்சுத் தாரேன்" என்றேன்.

"அஞ்சு வருசம் நாங்க கெடக்கணுமேம்மா" என்றார் பட்டாளத்தார்.

"கெடங்க" என்றேன். புது மருமகள் பேசுகிற பேச்சா அது!

அந்தத் தையில் அய்யாவின் தோட்டத்து இலையில் ஒரு கட்டு வரவழைத்தேன். நடந்ததை அவரிடம் சொல்லவில்லை. அந்த மூன்று பேரும் அதை வெளியே விடவில்லை. அவர்கள் பேச்சுத்தான் புகையிலையைத் தாண்டாதே. பக்குவத்தை மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னார்கள். நான் மூன்றையும் கேட்டுக்கொண்டு நாலாவதாக ஒன்று செய்தேன். நடுநரம்பைக் கிழித்துப் போட்டுவிட்டு, கருப்பட்டிப் பாகில் கிராம்பைத் தட்டிப் போட்டு, ஆறினபின் இலையில் தெளித்து, நிழலில் வாட்டி, அடுக்கடுக்காக ஊறுகாய் ஜாடியில் அமுக்கினேன். வாயைத் துணியால் கட்டிக் கரிசல் மண்ணைக் குழைத்துப் பூசினேன். மூன்றாம் நாள் அது பாளம் பாளமாக வெடித்துவிட்டது. நம் நிலமே கோடையில் ஆள் கால் போகிற அளவுக்கு வெடிக்கிறது, ஜாடி வாயிலா ஒட்டிக்கொண்டிருக்கும்? அப்புறம் செவக்காட்டு மண் கொண்டுவந்து பூசினேன். கம்பு கொட்டி வைக்கிற குலுக்கைக்குள் ஜாடியை இறக்கினேன். அந்த வருசம் முழுக்க எங்கள் வீட்டுக் கஞ்சியில் லேசாகக் கிராம்பு மணத்தது. அத்தை மட்டும் மூக்கைச் சுளித்துக்கொண்டு, "கஞ்சியக் குடிக்கதா, அடச்சுப் பத்த வைக்கதா?" என்பாள்.

ஒவ்வொரு தீபாவளிக்கும் மூன்று பேரும் வந்து குலுக்கையை எட்டிப் பார்ப்பார்கள். பட்டாளத்தார் ஒரு தடவை ஜாடியில் காதை வைத்தார்.

"என்னவே கேக்கு?" என்றார் கண்டியார்.

"உம்ம மாதிரியே ஒருத்தன் உள்ள இருமுதான்."

நாலு வருசம் போனது. அதில் இரண்டு வருசம் மழை இல்லை. நாலாவது தை தாண்டி, மாசியில் பட்டாளத்தார் படுத்துவிட்டார். நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மாமா அவரைப் பார்த்துவிட்டு வந்தார். நேரே குலுக்கையிடம் போய் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

அடுப்பில் கஞ்சி கிடந்தது. அது கொதித்து இறங்குகிற நேரம் மட்டும் யோசித்தேன். அஞ்சு ஆக இன்னும் பதினொரு மாதம் வேண்டும். மண்ணை உடைத்தால் காற்றுப் பட்டு, பாடம் அன்றோடு சரி. அய்யாவின் சொல்லை நிஜமாக்குவேன் என்று நாலு பேர் முன்னால் சொன்னவள் நான். அந்தக் கஞ்சி நேரத்தையும் என் கர்வத்துக்குத்தான் கொடுத்தேன் என்று இப்போது தெரிகிறது. பட்டாளத்தாருக்கு மிச்சம் இருந்ததே கொஞ்ச நேரம்தான். கரண்டிக் காம்பால் ஒரே தட்டு. செம்மண் உடைந்தது.

அந்த வாசத்தை எப்படிச் சொல்ல? வீட்டுக்குள் யாரோ வந்து நின்றது போலிருந்தது. எருமைகூடத் திரும்பிப் பார்த்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

ஜாடியைச் சேலை முந்தானையில் மூடிக்கொண்டு பட்டாளத்தார் வீட்டுக்குப் போனேன். மாமாவும் கண்டியாரும் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் இருந்தார்கள். இலை கறுத்து, பிசுபிசுவென்று அல்வா மாதிரி இருந்தது. கிள்ளி உதிர்த்து அடைத்துக் கொடுத்தேன். கண்டியார் பற்றவைத்துப் பட்டாளத்தார் வாயில் வைத்தார். ஒரே ஒரு இழுப்பு. உள்ளே விடாமல் வாயிலேயே வைத்திருந்து, மெல்ல மூக்கு வழியாக விட்டார். டாக்டர் பார்த்திருந்தால் என்னைத்தான் திட்டியிருப்பார்.

"லாயம்" என்றார் பட்டாளத்தார். "மழ வாரதுக்கு முன்ன லாயத்துல ஒரு வாசம் வரும்லா, அது."

"நான் லயத்துல முப்பது வருசம் கெடந்தேன், அங்க ஏது இந்த வாசம்?" என்றார் கண்டியார். தோட்டத்துக் குடியிருப்பு வரிசைக்கு அங்கே லயம் என்று பேராம்.

"லயம் இல்லவே, லாயம்! குதிர கட்டுத லாயம்!" படுத்துக்கிடந்தவருக்கு எங்கிருந்து அந்தச் சத்தம் வந்ததோ.

"குதிரயும் இல்ல, கழுதயும் இல்ல. தேயில வாட்டுத கொட்டடி வாசம் இது. பெறவு ஒரு சுட்ட சீனிக்கெழங்கு."

"கருப்பட்டி தெரியுதா?" என்று கேட்டேன். எனக்கு என் கவலை.

"வாயில தெரியல. மூக்குல விடும்போதுதான் தெரியுது" என்றார் பட்டாளத்தார். "கிராம்பு எங்கயோ அடுத்த தெருவுல இருக்கு."

மாமா கடைசியாகத்தான் வாயைத் திறந்தார். "எல்லாத்துக்கும் அடியில ஒரு உப்பு கெடக்கு பாத்தீரா? அது எங்க சம்பந்தி கெணத்து உப்பு. அதத்தான் இத்தன வருசம் நாக்குல தேடிக்கிட்டிருந்தோம்."

மூன்று பேரும் தலையை ஆட்டினார்கள். அவர்கள் ஒரு விஷயத்தில் ஒத்துப்போய் நான் பார்த்தது அன்று மட்டும்தான். நாலாம் நாள் பட்டாளத்தார் போய்விட்டார்.

சித்திரையில் அய்யா என்னைப் பார்க்க வந்தார். வேம்படியில் நாலைந்து பேர் இருந்தார்கள். மாமா சுங்கானை வாயிலிருந்து எடுத்து, அய்யா கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்: "சம்பந்தி சொன்னா சொன்னதுதான்யா. அஞ்சு வருசப் பாடம். நானே சோதிச்சுப் பாத்துட்டேன். கெட்டி."

அய்யா தலையைக் குனிந்துகொண்டு தோள் துண்டால் முகத்தைத் துடைத்தார். தன் பொய் தப்பித்துவிட்டது என்று அவர் சாகும்வரை நினைத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளெல்லாம் பெரிதான பிறகு நான் எழுத்துக் கற்றுக்கொண்டேன். இப்போதும் சின்ன ர-வும் பெரிய ற-வும் என்னோடு மல்லுக்கு நிற்கும். ஆனாலும் அன்று மாமா சொன்ன மாதிரி ஒரு நல்ல வாக்கியத்தை எந்தப் புத்தகத்திலும் நான் வாசிக்கவில்லை. எழுத்தும் பொய், வருசக் கணக்கும் பொய், சொன்ன மனுசர் மட்டும் நிஜம்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. யாரும் இல்லாத ஒரு பகலில் நானும் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தேன். தலை சுற்றிக் கம்புக் குவியலில் உட்கார்ந்துவிட்டேன். உப்பு மட்டும் எனக்குத் தெரிந்தது. உங்களோடு இருக்கட்டும்.

கண்டியார் போனார், அப்புறம் மாமா. அய்யாவின் கிணற்றைத் தூர்த்துவிட்டார்கள். அந்தப் புஞ்சையில் இப்போது கரண்டு எடுக்கிற காற்றாடி சுற்றுகிறது. மாமாவின் காரியம் முடிந்த மறு வாரம் அத்தை அந்த ஜாடியைச் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்து, வெயிலில் கவிழ்த்து, எலுமிச்சங்காய் ஊறுகாய் போட்டாள். முதல் வருசம் ஊறுகாயில் அந்த வாசம் அப்படியே இருந்தது. அத்தை மூக்கைச் சுளிக்காமல் கஞ்சிக்குத் தொட்டுக்கொண்டாள். இரண்டாம் வருசம், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தது. மூன்றாம் வருசம் நானும் அத்தையும் ஆளுக்கொரு துண்டை எடுத்து, மூக்குக்குக் கொண்டுபோய் வெகு நேரம் வைத்திருந்தோம். அது வெறும் எலுமிச்சங்காய்.