சொதி ஊற்றிய சோறு

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து நேராக வராது, இடையில் மறந்தும் போவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்ல வெட்கமாக இருப்பதால்தான் எழுதுகிறேன்.

மகளும் மருமகனும் இங்கே நோர்வேயில், புருசெத்தில் இருந்த மாடிவீட்டை விற்று, லோறென்ஸ்கூக்குக்கு அப்பால் ஒரு சின்னப் பண்ணை வாங்கினார்கள். நானும் அவர்களோடு வந்தேன். ஆறு செம்மறி, கொஞ்சம் கோழி, ஒரு மரக்கறித் தோட்டம். அதோடு, ஆட்கள் கைவிட்ட நாய்களுக்கு நிரந்தரமாக ஒரு வீடு கிடைக்கும்வரை எங்களிடம் வைத்துப் பார்ப்போம்.

அந்த இலையுதிர் காலத்தில் ஒரு பழுப்புப் பெட்டை நாய் வந்தது. ஒரு காது கிழிந்திருந்தது. யாராவது கையைத் தூக்கினாலே நிலத்தோடு ஒட்டிப் படுத்துவிடும். மகளும் மருமகனும் வேலைக்குப் போனால் நானும் அதுவும்தான். நான் மண்ணில் உருளைக்கிழங்கு கிண்டினால் பக்கத்தில் இருக்கும். விழுந்த ஆப்பிளைப் பொறுக்கினால் பின்னாலேயே வரும். எனக்கும் ஆட்களோடு கதைக்கக் கூச்சம். அதனால் அதை எனக்குப் பிடித்துப்போனது.

பையில் வந்த காய்ந்த தீனை அது மணந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். நான்கு நாளில் விலா எலும்பு தெரிந்தது.

“அம்மா, இதைத் தவிர வேற ஒண்டும் குடுக்கக் கூடாது. நாய் தந்தவைக்குக் கையெழுத்து வைச்சுக் குடுத்தனாங்கள்,” என்றாள் மகள்.

“மாமிக்கு ஆர் சாப்பிடாட்டிலும் பொறுக்காது. என்ர வயித்தைப் பாரும்!” என்று மருமகன் சிரித்தார்.

எங்கள் ஊரில் நாய்க்கென்று யார் தனியாகச் சமைத்தார்கள்? நாங்கள் தின்று மிஞ்சியதைத்தான் அதுவும் தின்னும். அடுத்த நாள், அவர்கள் போனபின், சோற்றில் தேங்காய்ப்பால் சொதி ஊற்றிக் குழைத்து, உருட்டி நீட்டினேன். என் விரல்வரை நக்கியது. அந்த முறை தோட்டத்தில் வெங்காயம் நல்ல விளைச்சல். சொதிக்குக் கணக்குப் பார்க்காமல் வெட்டிப் போட்டேன். இரண்டு கிழமை ஒவ்வொரு மத்தியானமும் கொடுத்திருப்பேன். தட்டில் கிடந்த தீனைக் கோழிகளுக்குக் கொட்டினேன். பின்னேரம் வெறும் தட்டைக் கண்டு மகள் சந்தோசப்பட்டாள்.

பிறகு ஒரு நாள் நாய் படியேற முடியாமல் நின்றது. மூத்திரம் சாயத்தண்ணி, அதுதான் பால் விடாத தேத்தண்ணி, நிறத்தில் போனது. மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். அந்தப் பெண் அதன் உதட்டை விலக்கிக் காட்டினாள். பல்லைச் சுற்றிய முரசு வெள்ளையாக இருந்தது. என்ன சாப்பிட்டது என்று கேட்டாள். எனக்கு நோர்வே மொழி அரைகுறைதான், ஆனால் அந்தக் கேள்வி விளங்கியது.

“தந்த தீன் மட்டும்தான்,” என்று மகள் சொன்னாள்.

நாயின் தலை என் மடியில் இருந்தது. நான் வாய் திறக்கவில்லை. மகளை வைத்தியர் முன்னால் பொய்க்காரி ஆக்கிவிடுவேனோ என்ற பயம். அதைவிட, என்னை ஏசுவார்களோ என்ற வெட்கம். நாயை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.

விடிய மகள் வைத்தியரோடு கதைத்துத் தொலைபேசியை வைத்துவிட்டு, “ஏனெண்டு அவைக்கே தெரியேல்லையாம்,” என்றாள். அப்போதுதான் சொன்னேன்.

“சொதியோ? வெங்காயம் போட்டனீங்களோ?”

“ஓம் பிள்ளை.”

“ஐயோ அம்மா, வெங்காயம் நாய்க்கு நஞ்சு.” உடனே வைத்தியருக்குத் திரும்பத் தொலைபேசி எடுத்துச் சொன்னாள். அன்று பின்னேரம் நாய் செத்துப்போனது.

அவள் என்னை ஏசவில்லை. “நேற்றே சொல்லியிருக்கலாமே அம்மா,” என்று ஒரு தடவை சொன்னாள், அவ்வளவுதான். நாய்களைத் தருகிறவர்களுக்கு உள்ளதை உள்ளபடி எழுதினாள். அதற்குப் பிறகு எங்களுக்கு நாய் வரவில்லை.

இதில் நாள்கணக்கு பிழையாக இருக்கலாம். நாய் வைத்தியம் தெரிந்த யாராவது வாசித்தால், நான் எழுதியதெல்லாம் சரிதானா என்று பாருங்கள். வைத்தியர் கேட்ட அன்றே நான் சொல்லியிருந்தால் அது பிழைத்திருக்குமா என்பதையும் பார்த்துச் சொல்லுங்கள். மகளிடம் கேட்டால் இல்லை என்றுதான் சொல்லுவாள்.