பருப்பை இறக்கியருள்வீராக

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த மோர்டன் ஊரின் மாதா கோவிலில் பூசை முடிந்து தேநீர் குடிக்கையில், செக் நாட்டுக்காரி மார்த்தா தன் மொழியில் ஒரு செபம் சொல்லிக் காட்டினாள். அதிலுள்ள பழைய வினைச்சொற்களை வீட்டில் இப்போது யாரும் பேசுவதில்லையாம், கடவுளிடம் மட்டும்தானாம். உடனே என் மூக்கில் பருப்புக் கருகும் மணம் ஏறியது.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் செபமாலை தொடங்கிவிட்டால் சாதாரணப் பேச்சுக் கூடாது. அது அப்பாவின் சட்டம். மற்ற நேரமெல்லாம் "அடுப்பைப் பாரடி" என்று அம்மாவை அதட்டுகிறவர், ஒருநாள் செபத்தின் நடுவே கருகல் மணம் வந்ததும், கண்ணைத் திறக்காமல் அதே இராகத்தில் இழுத்தார்: "பருப்பை இறக்கியருள்வீராக!"

பழக்கத்தில் நாங்கள் "ஆமென்" என்றோம். அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு குசினிக்குப் போனார்.

மறுநாளிலிருந்து, செபமாலைக்குச் சற்று முன்னர்தான் அம்மா பருப்பை அடுப்பில் ஏற்றினார். வேண்டுமென்றேதான்.

கதையைக் கேட்டு மார்த்தா விழுந்து விழுந்து சிரித்தாள். அடுத்த மேசையிலிருந்து என் கணவர் குரல் கொடுத்தார்: "இஞ்சை, தேத்தண்ணி ஒண்டு கொண்டு வா."

"தந்தருள்வீராக எண்டு கேளுங்கோ," என்றேன். "உடனே கொண்டுவாறன்."